பெயர் தெரியாத பொருளைத் தேடுபவரிடம் போய்ச் சேருவது: சிறு தொழிலுக்குப் படத் தேடல் வழிகாட்டி

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் கையால் வார்க்கப்படும் தரைக்கல்லை எங்கள் பக்கத்தில் பூக்கல் என்போம். சென்னையில் வீடு கட்டுபவர் அதையே செட்டிநாடு டைல்ஸ் என்கிறார். பெங்களூரிலிருந்து அழைக்கும் கட்டடக்கலைஞர் ஹேண்ட்மேட் சிமென்ட் டைல் என்கிறார். இன்னும் பலருக்கு அதன் பெயரே தெரியாது. ஏதோ ஒரு கல்யாண வீட்டிலோ திரைப்படக் காட்சியிலோ பார்த்த தரை அவர்கள் மனத்தில் நின்றுவிட்டது, கைபேசியில் ஒரு படமும் இருக்கிறது, அவ்வளவுதான். பெயர் தெரியாமல் கையில் படம் மட்டும் வைத்திருக்கும் இவர்களுக்காகவே படத் தேடல் வளர்ந்திருக்கிறது. படங்களைச் சேமித்துத் தொகுத்துவைக்கும் தளமான பின்டரஸ்ட், படத்தைக் காட்டித் தேடும் தனது லென்ஸ் வசதியை 2017 பிப்ரவரியில் கொண்டுவந்தது; அதே ஆண்டு மே மாதம் கூகுள் லென்ஸ் அறிவிக்கப்பட்டது; 2024 ஜனவரியில், திரையில் தெரியும் எதையும் விரலால் வட்டமிட்டுத் தேடும் வசதி சில ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அறிமுகமாகிப் பிறகு பரவியது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடிகரின் காலடியில் தெரியும் தரையை ஒருவர் வட்டமிட்டால், அந்த முடிவுகளில் உங்கள் கல் இருக்க வேண்டும். அதற்கு என்ன செய்வது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

என் சித்தப்பா சிறிய பூக்கல் பட்டறை ஒன்று வைத்திருக்கிறார். அதன் இணைய வேலைகளைச் சில ஆண்டுகளாக நான் பார்த்துவருகிறேன். வாரம் ஒரு கட்டுரை எழுதினால்தான் கூகுளில் தெரிவோம் என்று தொடக்கத்தில் ஒருவர் சொல்லக் கேட்டு, செட்டிநாட்டு வீடுகளின் வரலாறு, தரைப் பராமரிப்பு என்று நான்கைந்து எழுதிப் பார்த்தோம். அவற்றைப் படித்தவர்கள் பெரும்பாலும் படிக்க வந்தவர்களே தவிர, கல் வாங்க வந்தவர்கள் அல்லர். அந்த நேரத்தைப் படங்களுக்குத் திருப்பிய பிறகு, "இந்தக் கல்தான் வேண்டும், 600 சதுர அடி, எப்போது கிடைக்கும்?" என்று கேட்பவர்கள் வரத் தொடங்கினார்கள். கீழே சொல்வது பூக்கல்லை வைத்துத்தான் என்றாலும், சுங்குடிச் சேலை, சுடுமண் நகை, மரச்சாமான், பிறந்தநாள் கேக் எனக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் எந்தப் பொருளுக்கும் பொருந்தும். கணக்குத் தணிக்கை, பம்பு பழுதுபார்ப்பு போன்ற தொழில் செய்பவர்கள் பின்டரஸ்டில் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. கூகுள் பற்றிய பகுதி மட்டும் அவர்களுக்குப் போதும்.

இயந்திரம் எப்படிப் பார்க்கிறது என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். படத்தில் உள்ள வடிவம், நிறம், கோடு, பரப்பின் தன்மை ஆகியவற்றை அது எண்களின் வரிசையாக மாற்றி வைத்துக்கொள்கிறது. தேடுபவர் காட்டும் படத்தையும் அப்படியே எண்களாக்கி, இரண்டும் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று ஒப்பிடுகிறது. படத்தைச் சுற்றியுள்ள எழுத்து, பக்கத்தின் தலைப்பு, அந்தப் படத்தை மற்றவர்கள் எந்தப் பெயருள்ள தொகுப்பில் சேமித்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே எடைபோடுகிறது. ஆகவே, ஒப்பிடத் தகுந்த படம் வேண்டும். அதன் அருகில் தேடுபவர் வாயில் வரும் சொல் வேண்டும்.

படம் எடுப்பது

இதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள், நாங்களும் தவறினோம். பட்டறையில் இருந்த ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகச் சுவரில் சாய்த்துப் படமெடுத்து ஏற்றினோம். கூகுள் லென்ஸில் வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய தரைப் படத்தைப் போட்டுப் பார்த்தால், அதே கல் எங்களிடம் இருந்தும் எங்கள் படம் வரவில்லை. காரணம் புரியச் சில நாள்கள் ஆயின. பூக்கல்லில் பல வடிவங்கள் நான்கு கற்கள் சேர்ந்தால்தான் முழுமை பெறும். ஒரு கல்லில் இருப்பது கால் பூ மட்டுமே. தேடுபவர் கையில் இருப்பதோ தரை முழுவதும் பரவிய முழுப் பூக்கள். இரண்டையும் ஒன்றென்று இயந்திரம் எப்படிக் கண்டுகொள்ளும்? அன்றிலிருந்து ஒவ்வொரு வடிவத்துக்கும் நான்கு கல், ஒன்பது கல், போட்டு முடித்த அறை என மூன்று நிலைகளில் படமெடுக்கிறோம். உங்கள் பொருளுக்கும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வாடிக்கையாளர் இதை முதலில் பார்த்தபோது எந்த நிலையில் பார்த்திருப்பார்? சேலையை மடித்த நிலையில் கடைக்காரர்தான் பார்க்கிறார். தேடுபவர் அதை உடுத்திய நிலையில் பார்த்தவர்.

அடுத்தது வெளிச்சம். பூக்கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல்தான் வார்ப்பார்கள். இரும்புச் சட்டத்துக்குள் அச்சை வைத்து, அதன் கண்களில் வண்ணச் சாந்தை ஊற்றி, அச்சை நடுங்காமல் தூக்கிவிட்டு, உலர்ந்த மணல்-சிமென்ட் கலவையைத் தூவி, மேலே ஈரக் கலவையை இட்டு மட்டம் செய்வார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் காய்ந்ததும் கண்ணாடி தானே கழன்றுவிடும். கண்ணாடியோடு ஒட்டியிருந்த முகம் என்பதால் கல் பளபளக்கிறது, அந்தப் பளபளப்பே படத்தில் வெள்ளைத் திட்டாக விழுந்து வடிவத்தை அழித்தும்விடுகிறது. ஃபிளாஷ் போடக் கூடாது. நேர் வெயிலும் ஆகாது. காலை எட்டு, ஒன்பது மணிக்கு முற்றத்தின் நிழல் பக்கத்தில், கைபேசியைத் தரைக்கு இணையாகப் பிடித்து, நேர் மேலிருந்து எடுத்தால் கோடுகள் சாயாமல் வரும். கேமரா அமைப்பில் கட்டக்கோடுகளை இயக்கிவைத்தால் கல்லின் விளிம்பை அவற்றோடு பொருத்திக்கொள்ளலாம். பளபளப்பான எந்தப் பொருளுக்கும், பித்தளை விளக்கோ எவர்சில்வர் பாத்திரமோ, இது பொருந்தும்.

நிறத்தைப் பற்றி ஒரு சொந்த அனுபவம். ஒருமுறை மழைக்காலத்தில் குழல்விளக்கின் கீழ் எடுத்த படத்தை அவசரமாக ஏற்றிவிட்டேன். படத்தில் காவி கலந்த சிவப்பாகத் தெரிந்த கல், நேரில் அடர்ந்த செங்கல் நிறம். படத்தை நம்பிப் பணம் கட்டியவர், கல் வந்து இறங்கியதும் ஏற்க மறுத்தார். நியாயம் அவர் பக்கம்தான். லாரி வாடகை எங்கள் தலையில் விழுந்தது. இப்போது ஒவ்வொரு படப்பிடிப்பிலும் முதல் படத்தில் கல்லின் அருகே ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுக்கிறேன். திரையில் தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் அந்த வெளிச்சத்தில் வேலை செய்வதில்லை. வடிப்பான்கள் எதையும் பயன்படுத்துவதும் இல்லை.

எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பி, அங்கிருந்து இறக்கி ஏற்றுபவர்கள் ஏராளம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். நுண்ணிய கோடுகள் மங்கும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது கேபிள் போட்டு நேரடியாக மாற்றுங்கள்.

படத்தின் குறுக்கே கைபேசி எண்ணையும் கடைப் பெயரையும் பெரிதாக எழுதும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். "நம்பர் போடலைன்னா எவனாவது எடுத்துத் தன்னோடதுன்னு போட்டுக்குவான்டா" என்று சித்தப்பா இன்றும் சொல்கிறார். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால், எழுத்து வடிவத்தை மறைப்பதால் இயந்திரம் ஒப்பிடுவதற்கு இடைஞ்சலாகிறது. தன் வீட்டுக்கான கனவுத் தொகுப்பில் தொலைபேசி எண் உள்ள படத்தைச் சேமிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. விற்கும் பொருள்களைக் கூகுளில் காட்ட உதவும் கூகுள் மெர்ச்சன்ட் சென்டரில் அவற்றைப் பட்டியலிட நினைத்தால், விளம்பர எழுத்தும் நீர்க்குறியும் உள்ள படங்களை அது ஏற்பதில்லை. மூலையில் சிறிய எழுத்தில் பட்டறையின் பெயர் இருந்தால் போதும், மெர்ச்சன்ட் சென்டருக்கு அதுவும் இல்லாத பிரதியைக் கொடுங்கள்.

சொற்களைத் தேர்ந்தெடுப்பது

கட்டுரை எழுத வேண்டாம் என்றேனே தவிர, எழுதவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தலைப்பு, இரண்டு மூன்று வரி விளக்கம், கோப்புப் பெயர், பார்வையற்றோருக்கான மாற்று உரை ஆகிய நான்கும் தேவை. இவற்றில் செய்பவரின் சொல்லைவிட வாங்குபவரின் சொல்லே முன்னால் வர வேண்டும். எங்கள் பட்டறையில் ஒரு வடிவத்துக்கு அச்சு செய்துகொடுத்தவரின் ஊர்ப் பெயர்தான் பெயர். அதை இட்டுத் தேட உலகத்தில் யாரும் இல்லை. "பூஜை அறைத் தரைக்குச் சிவப்பு மஞ்சள் ஆத்தங்குடி டைல், 10 அங்குலம்" என்று எழுதினால், இடம், நிறம், பெயர், அளவு எல்லாம் ஒரே வரியில் அமைந்துவிடுகின்றன. பின்டரஸ்டில் தலைப்புக்கு 100 எழுத்துகள் வரை இடம் உண்டு என்றாலும், முக்கியமான சொற்களை முன்னாலேயே வைத்துவிட வேண்டும். கைபேசித் திரையில் மீதி மறைந்துவிடும். கட்டடக்கலைஞர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் தேடுகிறார்கள். ஆகவே முதல் வரி ஆங்கிலத்திலும் அடுத்த வரி தமிழிலும் எழுதுகிறேன்.

வாங்குபவரின் சொல்லைக் கண்டுபிடிக்க நான் இரண்டு வழிகளைக் கையாள்கிறேன். பின்டரஸ்ட் தேடல் பெட்டியில் ஆத்தங்குடி என்று தட்டி நிறுத்தினால், அதன் பின்னால் மற்றவர்கள் சேர்த்துத் தேடும் சொற்களை அதுவே வரிசையாகக் காட்டும். அவற்றில் நம் படத்துக்குப் பொருந்துபவற்றை எடுத்துக்கொள்ளலாம். மற்றது, நம் படத்தையே கூகுள் லென்ஸில் கொடுத்துப் பார்ப்பது. நான் கொடுத்தபோது மொராக்கோ, ஸ்பெயின் நாட்டுச் சிமென்ட் தரைக்கற்களும், பூக்கல்லைப் போல அச்சடித்த செராமிக் கற்களும் முன்னால் வந்தன. அப்போதுதான் எங்கள் போட்டியாளர் பக்கத்துப் பட்டறைக்காரர் இல்லை என்பது உறைத்தது. "கையால் வார்த்தது, அச்சடித்த செராமிக் அன்று" என்ற சொற்றொடரை அதன்பின் எல்லா விளக்கங்களிலும் சேர்த்தோம்.

கோப்புப் பெயர் கேமரா கொடுத்த எண்ணாகவே இருக்க வேண்டாம். பொருளின் பெயர், நிறம், இடம் ஆகியவற்றைச் சிறு கோடுகளால் பிரித்து எழுதினால் போதும். மாற்று உரையில் சொற்களை அடுக்காமல், பார்க்க முடியாத ஒருவருக்குச் சொல்வதுபோல எழுத வேண்டும். ஒவ்வொரு வடிவத்துக்கும் மாறாத ஓர் எண்ணையும் கொடுத்துவிடுங்கள். 14ஆம் எண் கல் எந்தத் தளத்திலும் 14ஆம் எண்ணாகவே இருந்தால், தொலைபேசியில் "அந்த நீலப் பூ, ஓரத்தில் கொடி போகுமே" என்று பத்து நிமிடம் விளக்க வேண்டிய நிலை வராது.

படத்தைத் தொட்டவர் வந்து சேரும் இடம்

ஒரு படத்தைத் தொடும் வாடிக்கையாளர் அதே பொருளின் பக்கத்தில்தான் இறங்க வேண்டும்; முகப்புப் பக்கத்தில் இறக்கிவிட்டு, அங்கிருந்து அவரே தேடிக்கொள்ளட்டும் என்று விட்டால் திரும்பிப் போய்விடுவார். எனவே வடிவத்துக்கு ஒரு பக்கம் வீதம் எளிய இணையதளம் தேவை. படங்கள், அளவு, சதுர அடி விலை, குறைந்தபட்ச அளவு, செய்துகொடுக்க ஆகும் காலம், பட்டறை இருக்கும் இடம், வாட்ஸ்அப் பொத்தான் ஆகியவை இருந்தால் அந்தப் பக்கம் நிறைவானது. விலையை மறைப்பவர்கள் பேரம் பேச இடம் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். எங்கள் அனுபவத்தில் விலை போட்ட பிறகு வீண் விசாரிப்புகள்தான் குறைந்தன.

கூகுள் தன் வணிகக் கணக்கோடு இலவசமாகக் கொடுத்த ஒருபக்க இணையதளங்களை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. அதை நம்பியிருந்தவர்களின் பழைய அட்டைகளிலும் பலகைகளிலும் இன்னும் அந்த முகவரியே இருக்கிறது. உங்களுடையதையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சொந்தப் பெயரில் ஒரு முகவரி வாங்குவதற்கு ஆண்டுக்கு ஆகும் செலவு பெரிதில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாகில் 500 பொருள்கள் வரை ஏற்றலாம். வந்தவரிடம் காட்ட அது அருமையான வசதி, ஆனால் தேடுபவர் கண்ணில் படும் இடம் அன்று. இன்ஸ்டாகிராமைப் பொறுத்தவரை, பொதுவில் உள்ள தொழில்முறைக் கணக்குகளின் பதிவுகள் 2025 ஜூலை முதல் கூகுள் போன்ற தேடுபொறிகளில் தோன்ற வழி ஏற்பட்டுள்ளது, ஆகவே அங்கேயும் "புது வரவு!" என்று மட்டும் எழுதாமல் பொருளின் பெயரையும் ஊரையும் எழுதுங்கள்.

பின்டரஸ்டில் கடை விரிப்பது

வணிகக் கணக்கு இலவசம். அதைத் தொடங்கியதும் உங்கள் இணையதளம் உங்களுடையதுதான் என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்; தளத்தின் நிரலில் ஒரு வரியைச் சேர்த்தோ, ஒரு கோப்பை ஏற்றியோ, டிஎன்எஸ் எனப்படும் தள முகவரிப் பதிவின் மூலமோ இதைச் செய்யலாம். செய்துவிட்டால் உங்கள் தளத்திலிருந்து மற்றவர்கள் சேமிக்கும் படங்களின் கணக்கும் உங்களுக்குத் தெரியவரும். படங்கள் நெடுக்கு வாட்டில், அகலம் 1000, உயரம் 1500 பிக்சல் என்ற விகிதத்தில் இருப்பது நல்லது.

பின்டரஸ்டில் படங்களைச் சேர்த்துவைக்கும் தொகுப்புக்குப் போர்டு என்று பெயர். போர்டுகளுக்குப் பெயர் வைப்பதில் கவனம் தேவை. "எங்கள் தயாரிப்புகள்" என்ற போர்டு யாருக்கும் எதையும் சொல்வதில்லை. "முற்றத்துத் தரை", "திண்ணைக்கு ஏற்ற கற்கள்", "சிறிய சமையலறைக்குக் கறுப்பு வெள்ளைத் தரை" என்று வாங்குபவரின் வீட்டை வைத்துப் பிரித்தால், அந்தப் பெயரே இயந்திரத்துக்கும் குறிப்பாகிறது. ஒரே கல்லின் வெவ்வேறு படங்கள் வெவ்வேறு போர்டுகளில் இருக்கலாம். அரை நிமிடக் காணொளிகளும் நன்றாகப் போகின்றன. அச்சைத் தூக்கும் நொடியில் வண்ணங்கள் கலங்காமல் நிற்பதை ஒரே ஒரு முறை படம்பிடித்து ஏற்றினோம், அதற்கு இன்றுவரை பார்வையாளர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். ஒரே நாளில் ஐம்பது படங்களைக் கொட்டிவிட்டு மூன்று மாதம் மறந்துவிடுவதைவிட, வாரம் நான்கைந்து என்று நிதானமாக ஏற்றுவதே நல்லது.

காலம் பார்த்து ஏற்றுவதும் ஒரு கலை. பின்டரஸ்டுக்கு வருபவர்கள் வாங்குவதற்கு வெகுநாள் முன்பே திட்டமிடுகிறவர்கள். நம் ஊரில் ஆடியிலும் மார்கழியிலும் கிரகப்பிரவேசம் வைப்பதில்லை; தை பிறந்ததும் வரிசையாக வைப்பார்கள். தையில் குடிபுக வேண்டியவர் கார்த்திகைக்குள் தரை போட்டாக வேண்டும், கல்லை வார்த்து ஊறவைத்து அனுப்ப எங்களுக்கும் வாரக்கணக்கில் ஆகும் என்பதால் புரட்டாசியில் கல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எனவே அந்தப் படங்கள் ஆவணியிலேயே ஏறியிருக்க வேண்டும். கொலுப் பொம்மை செய்பவரும் தீபாவளிப் பலகாரம் செய்பவரும் இதே முறையில் பின்னோக்கி எண்ணிக்கொள்ளலாம்.

மற்றவர்களின் படங்களை எடுத்து ஏற்ற வேண்டாம். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் பழைய தரைகளைப் படமெடுத்து, தாங்கள் போட்டதுபோலக் காட்டும் கணக்குகள் உண்டு. வாடிக்கையாளர் பட்டறைக்கு வந்து அதைக் கேட்கும்போது தலைகுனிய நேரும். வாடிக்கையாளர் வீட்டில் படமெடுத்தால் அவருடைய சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள், வாட்ஸ்அப் செய்தியே போதும். குழந்தைகளும் வீட்டு எண்ணும் சட்டகத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூகுளில் செய்ய வேண்டியவை

கூகுள் வணிகக் கணக்கு இல்லாதவர்கள் இன்றே தொடங்கிவிடலாம், அதுவும் இலவசம். படங்கள் 10 கேபி முதல் 5 எம்பி வரை, குறைந்தது 720 பிக்சல் சதுரமாக இருந்தால் நன்று. வாசல், பெயர்ப்பலகை, வேலை நடக்கும் இடம், முடிந்த பொருள் ஆகியவற்றைத் தனித்தனியே ஏற்றுங்கள். வாசல் படம் விற்பதற்கு இல்லை, வண்டியில் வருபவர் வழி தவறாமல் இருப்பதற்கு. தயாரிப்புகள் பகுதியில் ஒவ்வொரு வடிவத்தையும் அதன் பக்கத்தோடு இணையுங்கள். கல் போட்டு முடித்தவர்களிடம், மதிப்புரை எழுதும்போது தங்கள் தரையின் படத்தையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். பழகிய தரையின் படம் நாம் எடுக்கும் படத்தைவிடப் பலமுறை நம்பிக்கை தருகிறது.

பலனைப் பார்ப்பது

பின்டரஸ்ட் புள்ளிவிவரத்தில் எத்தனை பேர் கண்ணில் பட்டது என்ற எண்ணைப் பார்த்து மகிழ வேண்டாம். எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் நம் தளத்துக்கு வந்தார்கள் என்பவையே பயனுள்ளவை. நம் தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் தேடல் வகையைப் படம் என்று மாற்றினால், எந்தச் சொல்லுக்கு நம் படம் வந்தது என்பது தெரியும்; நாம் நினைத்தே பார்க்காத சொற்கள் அங்கே கிடைக்கும், அவற்றை விளக்கங்களில் சேர்த்துக்கொள்ளலாம். முதல் மூன்று மாதங்களில் எதுவும் நடக்காததுபோல இருக்கும். கட்டடக்கலைஞர் ஒருவர் இன்று சேமிக்கும் படம், அவருடைய வாடிக்கையாளரின் வீடு தரை மட்டத்துக்கு எழும்பும்போதுதான் ஆர்டராக மாறுகிறது.

எந்தக் கணக்கும் காட்டாத ஒன்றை ஒரு சாதாரணக் கேள்வி காட்டிவிடும். விசாரிப்பவர் ஒவ்வொருவரிடமும், "எந்தப் படத்தைப் பார்த்து வந்தீர்கள், அதை அனுப்ப முடியுமா?" என்று கேட்கிறோம். பெரும்பாலோர் திரைப்பிடிப்பை அனுப்பிவிடுகிறார்கள். அதில் படம் மட்டுமல்லாமல், எந்தத் தளத்தில், எந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தார்கள் என்பதும் மேல்வரியில் தெரிகிறது. பட்டறையில் சித்தப்பா வைத்திருக்கும் நீள நோட்டில் தேதி, கல் எண், தளம், தேடிய சொல் என்று நான்கு கோடு போட்டு அதை எழுதிவைக்கிறோம். மாதக் கடைசியில் அந்த நோட்டைப் பார்த்துத்தான் அடுத்த மாதம் எந்தக் கல்லைப் படமெடுப்பது என்று முடிவு செய்கிறோம்.